காலை ஊன்ற ஏன் ஆறு வாரம்? பாதச் சீரமைப்பு அறுவை சிகிச்சை: ஓர் எளிய விளக்கம்

பாதத்தில் சீரமைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "பிளேட்டு, ஸ்க்ரூ எல்லாம் வைத்தாயிற்று அல்லவா, இனி மெல்ல நடந்து பழகலாமே" என்பது ஒரு கட்சி. "மூன்று மாதத்துக்குக் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது" என்பது மற்றொன்று. இவற்றுக்கு நடுவில் ஆட்டுக்கால் சூப்பைப் பரிந்துரைப்பவர்களும், தையல் பிரித்ததும் எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்பவர்களும் உண்டு. எல்லோருமே அக்கறையோடு பேசுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுவை சிகிச்சை எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பது தெரியாததால்தான் இவ்வளவு முரணான அறிவுரைகள் பிறக்கின்றன. அறுவை அறையில் மருத்துவர் எலும்பையும் நாணையும் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவற்றை அந்த இடத்திலேயே ஒட்டவைப்பது உடலின் வேலை. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும் மாதங்களில் பாதத்தின் மேல் எவ்வளவு சுமை, எப்போது ஏறுகிறது என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

எந்த அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறோம்?

சீரமைப்பு அறுவை சிகிச்சை என்பது ஒரே ஒரு செயல்முறையின் பெயர் அன்று. பக்கவாட்டில் சாய்ந்துவிட்ட கட்டைவிரலை நேராக்குவது, போலியோவால் கோணிய பாதத்தைத் திருத்துவது, தொழுநோயால் தொங்கிப்போன பாதத்தை மீண்டும் தூக்கவைப்பது, சர்க்கரை நோயால் உருக்குலைந்த பாதத்தைத் தரையில் பதியும்படி செய்வது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். விளக்கம் சிதறாமல் இருக்க, நடுவயதில் பாத வளைவு படிப்படியாகச் சரிந்து தட்டையாகிவிடும் நிலையை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பிற அறுவை சிகிச்சைகளில் நாள் கணக்கு மாறும், அடிப்படை மாறாது.

இங்கேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. பிறவியிலிருந்தே தட்டையாக இருந்து, வலியும் தொல்லையும் தராத பாதத்துக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. வலி உள்ளவர்களுக்கும் முதலில் வளைவைத் தாங்கும் உள்தகடு வைத்த காலணி, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு ஆகியவையே முயன்று பார்க்கப்படும். அவை மாதக்கணக்கில் பலன் தராதபோதுதான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வர வேண்டும்.

பாத வளைவு எதனால் சரிகிறது?

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. எலும்பை எலும்போடு பிணைக்கும் உறுதியான இழைகளை எலும்பிணைப்பு நார் என்றும், தசையை எலும்போடு சேர்ப்பதைத் தசைநாண் என்றும் சொல்கிறோம். பாதத்தின் உட்புறத்தில் தரையைத் தொடாமல் எழும்பி நிற்கும் பகுதியே பாத வளைவு. கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து புறப்பட்டு, உட்கணுக்காலின் பின்புறமாக வளைந்து, பாதத்தின் நடுப்பகுதியில் வந்து முடியும் ஒரு தசைநாண், நாம் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்த வளைவை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. இதை இக்கட்டுரையில் வளைவு நாண் என்று குறிப்பிடுவோம்.

வயது, உடல் எடை, சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், பழைய காயம் போன்ற காரணங்களால் இந்த நாண் தேய்ந்து நீண்டுவிடுவதுண்டு. அப்போது அதன் இழுவிசை போய்விடுகிறது; அது தாங்கிய சுமையெல்லாம் எலும்பிணைப்பு நார்களின் மேல் விழ, அவையும் நாளடைவில் தளர்கின்றன. குதிகால் வெளிப்பக்கமாகச் சாய்கிறது, பாதத்தின் முன்பகுதி வெளியே திரும்புகிறது. பின்னால் நின்று பார்த்தால், வழக்கமாகத் தெரியாத கால்விரல்கள் வெளிப்பக்கத்தில் எட்டிப் பார்க்கும். அந்த ஒரு காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னால் முடியாது. தொடக்கத்தில் கையால் திருப்பினால் நேராகும் பாதம், ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டு இறுகி எதற்கும் வளைந்துகொடுக்காத நிலைக்குப் போகிறது. எந்த அறுவை சிகிச்சை பொருத்தமானது என்பதை இந்த இறுக்கமே பெருமளவு முடிவு செய்கிறது.

அறுவை அறையில் என்ன நடக்கிறது?

பாதம் இன்னும் வளைந்துகொடுக்கும் நிலையில் இருந்தால், பொதுவாக மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடைபெறும். முதலாவது, குதிகால் எலும்பைக் குறுக்கே வெட்டி, பின்பகுதியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உட்பக்கமாக நகர்த்தி ஸ்க்ரூவால் பிடிப்பது. மருத்துவர்கள் இதற்கு ஆஸ்டியோட்டமி என்பார்கள். நாம் எலும்பு வெட்டு என்று சொல்லலாம். உடல் எடை தரையில் இறங்கும் கோடு இதனால் உள்ளே நகர்ந்து, வளைவைச் சரிக்கும் விசை குறைகிறது. இரண்டாவது, நாண் மாற்றம்: சிறு விரல்களை மடக்கும் நாண், தேய்ந்துபோன வளைவு நாணுக்கு ஒட்டினாற்போலவே ஓடுகிறது, அதை எடுத்து வளைவை இழுக்கும் வேலைக்கு மாற்றிவிடுகிறார்கள். விரல்களை மடக்க வேறு தசைகளும் இருப்பதால் நடையில் பெரிய குறை எதுவும் தெரிவதில்லை. மூன்றாவது, இறுகிக் குறுகிய குதிகால் நாணையோ அதற்கு மேலுள்ள தசைப் படலத்தையோ சற்று நீட்டிவிடுவது. சிலருக்குப் பாதத்தின் வெளிவிளிம்பு எலும்பையும் வெட்டி, இடையில் எலும்புத் துண்டு வைத்து நீளமாக்குவதும் உண்டு.

ஒரு வேலைக்கான நாணை இன்னொரு வேலைக்கு மாற்றலாம் என்ற எண்ணம் நம் பக்கத்துக்குப் புதிதன்று. 1940களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் செயலிழந்த கைகளையும் பின்னர்ப் பாதங்களையும் இந்த முறையில்தான் மீட்டெடுக்கத் தொடங்கினார். மாற்றப்பட்ட நாண் புதிய வேலையைத் தானாகக் கற்றுக்கொள்ளாது, பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்பதும் அந்தக் காலத்திலிருந்தே அனுபவத்தில் தெரிந்த பாடம்.

மூட்டு இறுகித் தேய்ந்துபோயிருந்தால் வழி வேறு. மூட்டின் இருபுறமும் உள்ள குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு எலும்புகளும் ஒன்றாகக் கூடும்படி ஸ்க்ரூவால் இறுக்குவார்கள். இது மூட்டு இணைப்பு. வலி போய்விடும், ஆனால் அந்த மூட்டின் அசைவும் போய்விடும். கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டை இணைத்தவரால் பாதத்தை மேலும் கீழும் அசைக்க முடியும். பக்கவாட்டில் சாய்க்க முடியாது. சமதரையில் இது பெரிதாகத் தெரியாது. ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் சரிந்தும் கிடக்கும் நம் நடைபாதைகளில் கட்டாயம் தெரியும், ஆகவே சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். வளைவைப் பிடித்திருந்த நாண் தளர்ந்ததால் பாதம் சரிகிறது. அறுவை சிகிச்சை எலும்பை வெட்டி நகர்த்தி, வேறொரு நாணை அந்த வேலைக்குக் கொண்டுவருகிறது. ஆக, அறுவை அறையைவிட்டு வெளியே வரும் பாதத்தில் முறிந்த எலும்பும், இன்னும் பிடிப்பு ஏற்படாத நாணும் இருக்கின்றன.

குணமாதல் எப்படி நடக்கிறது?

வீடு கட்டும்போது கூரைக்குக் கான்கிரீட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சென்ட்ரிங் பலகை அடித்து, கீழே வரிசையாக முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி, கலவையைக் கொட்டுகிறார்கள். அன்று மாலையே கூரை கூரையாகத் தெரிகிறது. ஆனாலும் எந்த மேஸ்திரியும் மறுநாளே முட்டைப் பிரிக்க விடுவதில்லை. வடிவத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது அப்போதைக்குக் கான்கிரீட் அன்று, முட்டுகளே. உள்ளே கலவை இறுகி முடியும்வரை அந்த முட்டுகள் நின்றாக வேண்டும்.

பாதத்தில் பிளேட்டும் ஸ்க்ரூவும் மாவுக்கட்டும் அந்த முட்டுகள்தான். அறுவை சிகிச்சைக்கு மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகள் அழகாக நேர்கோட்டில் நிற்பதைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்பது இயல்பு. அந்தப் படம் காட்டுவது இடத்தை மட்டுமே, வலிமையை அன்று. வெட்டிய இடத்தில் முதல் சில நாட்கள் ரத்தம் உறைந்து, அழற்சி ஏற்பட்டு, பழுதுபார்க்கும் செல்கள் வந்து சேர்கின்றன. இரண்டு, மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்மையான ஒரு பொருள் இடைவெளியை நிரப்புகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிறது. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள்கூட, அந்தப் புது எலும்பு தன்னைத் திருத்தியமைத்துக்கொண்டே இருக்கும்.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைவிடச் சற்றுக் கூடுதலான விசை பாதத்தில் இறங்குகிறது. எலும்பு கூடுவதற்கு முன் அந்த விசை முழுவதையும் உலோகமே தாங்க வேண்டியிருக்கும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஓரிடத்தில் விட்டுப்போகும் அல்லவா, ஸ்க்ரூவும் அப்படியே. அது உடையவில்லை என்றாலும், வெட்டு முனைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தால் மென்மையான இணைப்பு கெட்டியாவதில்லை; எலும்பு கூடாமலேயே போய்விடலாம். அப்படிப் போனால் பெரும்பாலும் இன்னோர் அறுவை சிகிச்சைதான்.

பலர் கவனிக்காத இன்னொன்று, பாதத்திலுள்ள எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் குணமாவதில்லை என்பது. தோல் இரண்டு, மூன்று வாரத்தில் ஒட்டிக்கொள்கிறது. எலும்புக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். எலும்பில் துளையிட்டுப் பதித்த நாண் ஓரளவு பிடிப்புப் பெறவே ஆறு வாரம் ஆகும், உறுதிப்பட மேலும் பல மாதங்கள் ஆகும். கண்ணுக்குத் தெரிவது தோல் மட்டும் என்பதால், தையல் பிரித்த அன்றே குணமாகிவிட்டது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நான் அறிந்தவரை, மீட்சிக் காலத்தில் மிக அதிகமாகக் கெடுதல் செய்யும் தவறான புரிதல் இதுவே.

கூரை உவமை ஓரிடத்தில் பொருந்தாமல் போகிறது. கான்கிரீட்டின் மேல் யாரும் ஏறாவிட்டாலும் அது இறுகும். எலும்புக்கு அது போதாது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்கிறது, சுமை இல்லாவிட்டால் மெலிகிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் விளக்கி எழுதினார். ஆகவே, மாதக்கணக்கில் காலைத் தரையில் வைக்காமலே இருப்பதும் தீங்கு: எலும்பு சத்திழக்கும், மூட்டு இறுகும், கெண்டைக்கால் சதை வற்றும். முதல் வாரங்களில் சுமையே கூடாது, பிறகு அளந்து அளந்து சுமை வேண்டும் என்ற இரண்டும் சேர்ந்ததே மருத்துவரின் கணக்கு.

சுருக்கமாக: உலோகம் தற்காலிகத் தாங்கல், தோல் ஆறியதை வைத்து உள்ளே ஆறியதாக நினைக்க முடியாது, சுமை சீக்கிரம் வந்தாலும் கேடு, வராமலே இருந்தாலும் கேடு.

அறுவை சிகிச்சைக்கு முன்: உடலைத் தயார்செய்தல்

பாத வளைவுச் சீரமைப்பு அவசரச் சிகிச்சை அன்று. நாள் குறிக்கும் உரிமை பெரும்பாலும் நோயாளியிடமே இருக்கிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, மக்கள் மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்லும் சராசரி அளவு. அது 8 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை பல அறுவை மருத்துவர்கள் காத்திருக்கச் சொல்வார்கள். சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் திறம்பட இயங்குவதில்லை, எலும்பு கூடுவதும் தாமதமாகிறது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பதை மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பதும், ரத்த ஓட்டத்தைப் பரிசோதிப்பதும் இவர்களுக்குக் கட்டாயம் வேண்டியவை.

புகையிலை பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். நிகோடின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பாதமோ இதயத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள உறுப்பு. புகைப்பவர்களுக்குக் காயம் ஆறாமல் போவதும் எலும்பு கூடாமல் போவதும் கணிசமாக அதிகம். குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தி, எலும்பு கூடும்வரை தொடாமல் இருக்க வேண்டும். பீடி, சிகரெட் மட்டுமல்ல, மெல்லும் புகையிலையும் இதில் சேர்த்திதான். இதை மருத்துவரிடம் மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை.

வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. பகலெல்லாம் கூரைக்கடியில் வேலை பார்ப்பவர்களுக்குக் குறையும், நம் நாட்டில் அது மிகப் பரவலானதும்கூட. ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் முன்கூட்டியே ஈடுசெய்துவிடலாம்.

எடுத்துக்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, எழுதிக் கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்துகளை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை வழக்கமாக மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு சேரும்போது அவை ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டிவிடக்கூடும். பித்தவெடிப்பு, சேற்றுப்புண், நகச்சொத்தை இவற்றையும் அலட்சியம் செய்ய வேண்டாம், கிருமி உள்ளே நுழையும் வாசல் அவைதான்.

அறுவை சிகிச்சை நாளன்று வெறும் வயிறு என்பதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பொதுவான நெறி, உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் என்பது. பால் கலந்த காபி தெளிந்த நீரன்று. அதற்கும் ஆறு மணி நேரக் கணக்குத்தான். விடியற்காலையில் ஒரு வாய் காபி குடித்ததால் அறுவை சிகிச்சை தள்ளிப்போனவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

அறுவை சிகிச்சைக்கு முன்: வீட்டைத் தயார்செய்தல்

ஆறு வாரம் ஒரு காலை ஊன்றாமல் வாழப்போகும் வீடு எப்படிப்பட்டது என்பதை முன்கூட்டியே யோசிப்பவர்கள் குறைவு. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதுவே முதல் கேள்வி. கீழ்த்தளத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குச் சில வாரம் போக முடியுமா என்று பார்க்கலாம். முடியாதென்றால், படியில் உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றிப் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறிப் பழக வேண்டும். பார்க்க ஒரு மாதிரியாக இருக்கலாம். ஒற்றைக் காலில் குதித்து ஏறுவதைவிட இதுவே பாதுகாப்பு.

கழிவறை அடுத்தது. குத்தவைக்கும் வகைக் கழிவறையை ஒற்றைக் காலால் பயன்படுத்த முடியாது. அதன்மேல் வைக்கும் கமோடு நாற்காலி மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கிறது. வாக்கர், சக்கர நாற்காலி போன்றவற்றோடு இதையும் வாடகைக்குத் தருபவர்கள் சென்னையில் பல பகுதிகளில் இருக்கிறார்கள். குளிப்பதற்கு அசையாத ஒரு நாற்காலி, கட்டு நனையாமல் இருக்கக் காலின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை, சுவரில் ஒரு கைப்பிடி ஆகியவை வேண்டும். தரையில் ஈரம் நிற்கக் கூடாது. மிதியடி, தளர்ந்த பாய், குறுக்கே ஓடும் ஒயர் எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும், நிலைப்படி உயரமாக இருந்தால் வாக்கரோடு அதைக் கடந்து பார்க்க வேண்டும். ஊன்றுகோலோ வாக்கரோ, அதை அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, இரண்டு காலும் நன்றாக இருக்கும்போதே பழகிக்கொள்வது பெரிய உதவி. மயக்கம் தெளிந்த தலையோடும் வலியோடும் புதிதாக எதையும் கற்றுக்கொள்வது கடினம்.

காலத்தையும் கவனிக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. தெருவில் தண்ணீர் நிற்கும் பகுதியில் குடியிருப்பவருக்கு ஊன்றுகோலோடு மறுபரிசோதனைக்குப் போய்வருவது பெரும்பாடு. சித்திரை வெயிலில் மாவுக்கட்டுக்குள் வேர்த்து அரிக்கும், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம்

முதுகில் போடும் மயக்க ஊசியோடு, முழங்காலின் பின்புறம் செல்லும் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியும் பல இடங்களில் போடுகிறார்கள். அதனால் முதல் 12 முதல் 24 மணி நேரம் வலியே தெரியாது. இது கொஞ்சம் ஏமாற்றும் நேரம். மருந்தின் வேகம் தணிந்ததும் வலி ஒரேயடியாக வரும். அதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்கி, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு வாரத்தின் தலையாய வேலை காலை உயர்த்தி வைப்பதே. நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியின் மேல் காலை நீட்டுவது உயர்த்துவதாகாது, பாதம் இன்னும் இதயத்துக்குக் கீழேதான் இருக்கிறது. படுத்துக்கொண்டு தலையணைகளை அடுக்கி, பாதம் நெஞ்சைவிட மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். வீக்கம் தோலை இழுத்துப் பிடிக்கும்போது தையல் வாய் ஆறாது. அது திறந்துகொண்டால் உள்ளே இருக்கும் உலோகம்வரை கிருமி போக வழி ஏற்படும். கழிவறைக்கும் சாப்பாட்டுக்கும் எழுந்தால் போதும்.

ஆனால் கிடப்பது என்றால் மரம்போல் கிடப்பதன்று. முழங்காலையும் இடுப்பையும் மற்ற காலையும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசையாத காலின் ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதைத் தடுக்கச் சிலருக்கு ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள். தையல் பிரித்ததும் எண்ணெய் போட்டு நீவிவிடுவதை மருத்துவர்கள் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூடாத எலும்பு இடம் நகரக்கூடும் என்பது மற்றொன்று.

ஊன்றாத ஆறு வாரமும், ஊன்றப் பழகும் ஆறு வாரமும்

இரண்டு, மூன்று வாரத்தில் தையல் பிரித்த பிறகு மறுபடியும் மாவுக்கட்டோ, கழற்றி மாட்டக்கூடிய நடைப் பூட்டோ (காலை அசையாமல் பிடிக்கும் உயரமான காலணி, ஆங்கிலத்தில் வாக்கிங் பூட்) போடுவார்கள். ஆறாவது வாரம்வரை காலை ஊன்றக் கூடாது என்றால், கழிவறைவரை இரண்டு எட்டு வைப்பதும் கூடாது என்றே பொருள். எலும்புக்கு அது இரண்டு எட்டு என்று தெரியாது.

ஆறாவது வார எக்ஸ்ரே திருப்தியாக இருந்தால் பகுதிச் சுமை தொடங்கும். பத்து கிலோ, இருபது கிலோ என்று மருத்துவர் சொல்லும்போது அது எவ்வளவு என்று கால் அறியாது. வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவி இருந்தால், ஊன்றுகோலைப் பிடித்தபடி அறுவை செய்த காலை அதன்மேல் மெல்ல அழுத்தி, முள் இருபதைத் தொடும்போது எப்படி இருக்கிறது என்று பழகிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை அளவைக் கூட்டி, பத்து முதல் பன்னிரண்டாவது வாரத்துக்குள் பெரும்பாலோர் பூட்டை விட்டுத் தாங்கல் உள்ள காலணிக்கு மாறிவிடுவார்கள். மூட்டு இணைப்புச் செய்தவர்களுக்கு இன்னும் சில வாரம் கூடும்.

கட்டைப் பிரித்த அன்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். கெண்டைக்கால் மெலிந்து, தோல் உரிந்து, கணுக்கால் அசைய மறுக்கும். இது எதிர்பார்த்ததே. இங்கிருந்து பிசியோதெரபி தொடங்குகிறது: முதலில் கணுக்கால் அசைவு, பிறகு ரப்பர் பட்டையை இழுத்துத் தசையை வலுப்படுத்துவது, பிறகு ஒற்றைக் காலில் நிற்பது, கடைசியில் இரண்டு குதிகாலையும் சேர்த்துத் தூக்கி நிற்பது. முன்பு விரலை மடக்கிக்கொண்டிருந்த நாண் இப்போது வளைவை இழுக்க வேண்டும். மூளை அந்தப் புதிய வேலையைப் பழகப் பல வாரப் பயிற்சி தேவை. மருத்துவமனைக்கு அடிக்கடி போக முடியாதவர்கள், தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சை தங்கள் பகுதியில் கிடைக்குமா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

மாலை நேரத்தில் வீங்குவது ஆறு மாதம், ஓராண்டுவரைகூட நீடிக்கும். காலையில் வடிந்துவிடும் வீக்கம் கிருமித் தொற்றின் அடையாளம் அன்று. வண்டி ஓட்டுவதற்கு மருத்துவரின் அனுமதி வேண்டும். பூட்டோடு காரின் பிரேக்கை மிதிப்பது ஒருபோதும் கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பாதத்துக்கு வேலையில்லை என்று தோன்றலாம், ஆனால் சிக்னலில் வண்டி சாயும்போது முழு எடையையும் வாங்குவது ஊன்றிய கால்தான்.

உணவைப் பொறுத்தவரை, ஆட்டுக்கால் சூப்பால் கெடுதல் இல்லை. எலும்பை அது தனியாகக் கூட்டிவிடுவதும் இல்லை. பருப்பு, முட்டை, மீன், பால், தயிர் என்று போதிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தினமும் கிடைத்தால் போதும்.

உணர்ச்சி குறைந்த பாதம்

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மேலே சொன்ன நாள் கணக்கு பொருந்தாது. மற்றவர்களுக்கு வலி ஓர் எச்சரிக்கை. இவர்களுக்கு அந்த எச்சரிக்கை வராததால், ஸ்க்ரூ தளர்ந்தாலும் கட்டுக்குள் புண் உண்டானாலும் தெரியாமலே நடப்பார்கள். ஆகவே ஊன்றாத காலத்தை மருத்துவர்கள் பெரும்பாலும் இரு மடங்குவரை நீட்டுவார்கள். குணமான பிறகும் தினமும் பாதத்தை வீட்டிலுள்ள ஒருவர் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் தாங்கல் உள்ள செருப்பைப் போட வேண்டும். வெளியே போடாத ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொண்டால் பெரியவர்களின் மனக்குறையும் தீரும். கோடையில் கோயில் பிராகாரத்துக் கல் தரை மரத்த பாதத்தைச் சுட்டுக் கொப்புளமாக்கிவிடும் என்பதால், வெயில் ஏறுமுன் போய்வருவதே நல்லது.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டியவை

காலை உயர்த்தி வைத்து மாத்திரை எடுத்த பிறகும் கூடிக்கொண்டே போகும் வலி, நீலம் பாய்ந்த அல்லது மரத்துப்போன விரல்கள் ஆகியவை இருந்தால் கட்டு மிக இறுக்கமாக இருக்கலாம். அன்று இரவே பார்க்க வேண்டிய விஷயம் இது. காய்ச்சல், சீழ், கெட்ட நாற்றம், பரவும் சிவப்பு ஆகியவை தொற்றைக் குறிக்கலாம். கட்டு நனைந்துவிட்டாலும் தகவல் சொல்ல வேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வலியோடு வீக்கம் வந்தால் அதே நாளில் பரிசோதிக்க வேண்டும். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் மருத்துவருக்குத் தொலைபேசி செய்து காத்திராமல் நேராக 108-ஐ அழைத்து, காலில் எப்போது அறுவை சிகிச்சை நடந்தது என்பதை வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.